முட்டுக்கட்டையும் மோட்டார்ப் பந்தயமும்

2024ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறை கழிந்து பாடசாலை மீண்டும் தொடங்கிய கிழமை அது. பத்தாம் வகுப்பிலே மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அரசிளங்குமரனின் தேர்க்காலில் ஆன்கன்று அகப்பட்ட இடத்துக்கு வந்தபோது, பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து நின்றான். "ஐயா, தியத்தலாவையில கார் ஓடினவர் பிறேக் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் என் முகத்தையே நோக்கிற்று.

தமிழ்ப் பண்டிதன் ஒருவனிடம் கேட்கும் கேள்வியன்று அது. ஆயினும் கேட்டவன்மீது குறை காண இயலவில்லை. நான் தேரைப் பற்றிச் சொன்னேன். அவன் தான் அறிந்த தேரைப் பற்றிக் கேட்டான். "பிடித்திருப்பார், ஆனால் வண்டி நின்றிராது" என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவ்விடை அவனுக்கும் நிறைவு தரவில்லை, எனக்கும் நிறைவு தரவில்லை. பிறேக் பிடித்தும் வண்டி ஏன் நிற்பதில்லை? அதனை அறிய முயன்றபோது கேட்டவற்றையும் கற்றவற்றையுமே ஈண்டு எழுதுகின்றேன்.

நிகழ்ந்தது இது. ஊவா மலைநாட்டிலே, தியத்தலாவையில், 'பொக்ஸ் ஹில்' என்னும் குன்றடியில் மண்பாதையொன்றிலே மோட்டார்ப் பந்தயம் நடைபெறுவது வழக்கம். சில ஆண்டு இடைவெளிக்குப் பின் அப்பந்தயம் மீண்டும் நடைபெற்ற நாள் 2024 ஏப்பிரல் 21, ஞாயிற்றுக்கிழமை. பல்லாயிரவர் திரண்டிருந்தனர். பாதையோரத்தில் கார் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. வேகத்தைத் தணிக்குமாறு பணியாளர் மஞ்சள் அடையாளம் காட்டிக்கொண்டிருந்தனர் என்று செய்திகள் கூறின. அவ்வேளையில் வேறொரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் நின்ற இடத்துட் பாய்ந்தது. எழுவர் இறந்தனர். அவருள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும், பந்தயப் பணியில் நின்றவர் சிலரும் அடங்குவர். இருபதின்மர் அளவினர் காயமுற்றனர்.

இனி, பிறேக் என்பது யாது? நம்மவர்க்கு அது புதிய பொருளன்று. தேர்த்திருவிழாக் கண்டவர் அனைவரும் முட்டுக்கட்டையைக் கண்டிருப்பர். வடம் பிடிப்பவர் பலர். கட்டை கொடுப்பவர் சிலர். அச்சிலரோ தேரின் சில்லோடு சில்லாக நடந்து, கண்ணை வீதியிலும் கையைக் கட்டையிலும் வைத்திருப்பர். தேரை நிறுத்துவதும் அக்கட்டையே, திருப்புவதும் அக்கட்டையே. வலச்சில்லுக்குக் கட்டை கொடுத்தால் தேர் வலப்புறம் முகந்திரும்பும். நல்ல காரியத்தைத் தடுப்பவனை 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று ஏசுகிறோம். தேரடியில் நின்று பார்த்தால், அவன் இல்லையேல் தேர் வீடுகளுக்குள் ஏறிவிடும் என்பது விளங்கும். அன்றியும், கட்டை கொடுப்பவன் மூலை வந்தபின் கட்டையைத் தேடுவதில்லை. மூலைக்குப் பல முழம் முன்னரே அவன் குனிந்துவிடுகிறான். இச்செய்தியை வாசகர் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

உருத்திரபுரத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் வழியில் கராஜ் ஒன்றிலே என் பழைய மாணவன் ஒருவன் வேலை செய்கிறான். சில ஆண்டுகளுக்கு முன், வாய்க்காலோரக் கிரவல் வீதியில் மோட்டார்ச் சைக்கிளில் விழுந்து இடக்கால் முறிந்தவன். இன்றும் சாய்ந்தே நடக்கிறான். வகுப்பிற் கேட்ட கேள்வியை அவனிடம் கொண்டுசென்றேன். அவன் சிரித்தான். "ஐயா, நான் பிறேக் பிடிச்சபடியாத்தான் விழுந்தனான்" என்றான். பிறகு கழற்றி வைத்திருந்த பிறேக் தட்டொன்றை எடுத்து என் முன் வைத்து, எனக்கே ஆசிரியனானான்.

அவன் சொன்னதன் சாரம் வருமாறு: பிறேக் வண்டியை நிறுத்துவதில்லை, சில்லைத்தான் நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது ரயருக்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள பிடிப்பு. அப்பிடிப்பு அற்ற இடத்தில் எத்துணை வலிய பிறேக்கும் பயன்படாது. தட்டை இறுக்குவதால் ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அவ்வெப்பத்தின் அளவை நான் வீட்டுக்கு வந்து கணக்கிட்டுப் பார்த்தேன். ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிறக்கும் வெப்பம், ஐந்து லீற்றர் குளிர்நீரைக் கொதிநிலைக்கு ஏற்றப் போதுமானது. அதுவும் சில செக்கன்களுக்குள். பந்தயத்தில் ஒவ்வொரு வளைவிலும் இவ்வாறு சூடேறினால் பிறேக்கின் வலி குன்றும்; மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும்.

வேகத்தின் கணக்கு நம் மனக்கணக்குக்கு அடங்குவதன்று. வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரமும் இரட்டிக்கும் என்றே பலரும் எண்ணுவர். அஃது நான்கு மடங்காகும். நல்ல ரயர் பூண்ட வண்டி, உலர்ந்த தார்வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்து முழுப் பிறேக்கும் பிடித்தால், ஏறத்தாழ 12 மீற்றரில் நிற்கும். 100 கிலோமீற்றர் வேகத்தில் ஏறத்தாழ 50 மீற்றர் வேண்டும். 200 கிலோமீற்றர் வேகத்தில் ஏறத்தாழ 200 மீற்றர் வேண்டும். மண்ணிலோ கிரவலிலோ பிடிப்புப் பாதியானால் இத்தூரங்கள் யாவும் இரட்டிக்கும். கண் கண்டு கால் மிதிப்பதற்குள் ஒரு செக்கன் கழியுமாயின், 100 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி மேலும் 28 மீற்றர் ஓடிவிட்டிருக்கும்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. மேற்கூறிய 50 மீற்றரிற் பாதித் தூரம் கடந்தபோது வேகமும் பாதியாகியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அவ்வாறன்று. அவ்விடத்தில் வண்டி இன்னும் மணிக்கு 71 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். முக்காற்பங்குத் தூரம் கழிந்தபின்னரே வேகம் பாதியாகும். எஞ்சிய பாதி வேகமும் இறுதிக் காற்பங்குத் தூரத்திலேயே அழிகிறது. ஆதலால் இறுதியிற் பத்து மீற்றர் குறைந்தாலும், மோதுபவன் 'சற்றே' மோதுவதில்லை, பேரிடியாகவே மோதுகிறான்.

பிடிப்பைப் பற்றி மற்றொன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வயல்கள் இரணைமடு நீரால் விளைபவை. ஒரு வாய்க்காலில் வருவது ஒரே அளவு நீர்தான். அதனை ஒரு வயலுக்கு முழுதும் திருப்பினால் மற்றை வயல் காயும். இரண்டுக்கும் வேண்டுமெனின் பகிர்ந்தே விடவேண்டும். ரயரின் பிடிப்பும் இத்தகையதே. நிறுத்துவதும் அதனாலேயே, திருப்புவதும் அதனாலேயே. முழுப் பிடிப்பையும் நிறுத்துவதற்குச் செலவிட்டால் திருப்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. சில்லு சுழலாமல் இறுகிவிட்டால், சுக்கானை எப்பக்கம் முறித்தாலும் வண்டி தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே வழுக்கிச் செல்லும். என் மாணவன் கிரவலில் விழுந்ததும் இவ்வாறே. முன்சில்லை இறுக்கிக்கொண்டே வளைக்கப் பார்த்தான். இரண்டுக்கும் வேண்டிய நீர் அவ்வாய்க்காலில் இல்லை. பந்தய ஓட்டிகள் இதனை நன்கறிவர். வளைவுக்கு முன், வண்டி நேரே செல்லும்போதே வன்மையாக மிதித்து வேகத்தைக் கொல்வர். வளைவு நெருங்க நெருங்க மிதியைச் சிறிது சிறிதாக விடுவர். விட்ட பிடிப்பைத் திருப்பத்துக்குத் தருவர். சில்லு இறுகாமற் காக்கும் ஏ.பி.எஸ். என்னும் கருவி இன்று வீதிக் கார்கள் பலவற்றில் உண்டு. போர்முலா–1 பந்தயத்திலோ 1994 முதல் அதனைத் தடுத்துவிட்டனர். அங்கே ஓட்டியின் பாதமே அக்கருவி.

பிறேக்கின் வரலாற்றில் மறக்க முடியாத நாள் 1955 யூன் 11. பிரான்சு நாட்டு லெமான் நகரில் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஜகுவார் கார்கள் டிஸ்க் பிறேக் பூண்டவை. அவ்வகைப் பிறேக்கால் 1953இல் அதே பந்தயத்தை வென்றவை. திறந்த தட்டில் காற்றுப் படுவதால் அது விரைவிற் சூடு தணியும். மெர்சிடிஸ் கார்களோ பழைய டிரம் பிறேக் பூண்டவை. அதன் குறையை ஈடு செய்யப் பின்புறத்தில் காற்றைத் தடுக்கும் பெரும் மூடியொன்றை நிமிர்த்தி வேகம் குறைக்கும் ஏற்பாடு செய்திருந்தனர். மாலை ஆறரை மணியளவில், ஹோதோர்ன் என்பவர் ஓட்டிய ஜகுவார், மக்லின் ஓட்டிய ஒஸ்ரின்–ஹீலியை முந்திச் சென்று, பெற்றோல் நிரப்பும் இடத்தில் நிற்பதற்காகத் திடீரென வேகம் தணித்தது. பின்வந்த மக்லின் மோதலைத் தவிர்க்க இடப்புறம் விலகினார். அவருக்குப் பின்னே மிக்க வேகத்தில் வந்த மெர்சிடிசை ஓட்டியவர் லெவெக். அவருக்கு நிறுத்தவும் தூரமில்லை, விலகவும் வழியில்லை. அக்கார் முன்வண்டியின் மேலேறி, ஓரத்து மண்ணணையில் மோதிச் சிதறிற்று. எஞ்சினும் பிற உறுப்புகளும் கூட்டத்துட் பாய்ந்தன. லெவெக்கும், பார்வையாளர் எண்பதுக்கு மேற்பட்டோரும் மாண்டனர்.

முன்சென்ற வண்டி நன்றாக நின்றமையே பின்வந்தவர்க்கு இடராயிற்று என்பதை நோக்குக. நல்ல பிறேக் ஒருவனுடைய தனியுடைமையன்று. வழியிற் செல்வார் அனைவரோடும் தொடர்புடையது. பின்னர் நடந்த உத்தியோக விசாரணை எந்த ஓட்டியையும் குற்றவாளியாக்கவில்லை. பந்தயப் பாதையின் அமைப்பையே குறை கூறிற்று. அப்பகுதி இடித்து மீளக் கட்டப்பட்டது. சுவிற்சர்லாந்து தன் நாட்டில் வட்டப்பாதைப் பந்தயங்களைப் பல பத்தாண்டுகள் தடை செய்தது. அன்று லெவெக்குக்குப் பின்னே மற்றொரு மெர்சிடிசில் வந்தவர் புகழ்பெற்ற பான்ஜியோ. லெவெக் கையை உயர்த்தி எச்சரித்தமையாலேயே தாம் உயிர் தப்பியதாகப் பான்ஜியோ பிற்காலத்திற் கூறினார். தனக்குப் பிறேக் பயன்படாத அந்நொடியிலும் பின்வருபவனுக்குப் பிறேக் பிடிக்க அவகாசம் தந்தார் ஒருவர்.

கட்டுப்பாடு இழந்த பின்னும் ஓட்டிக்குரிய கடமைகள் சில உள என்பதைப் பந்தயம் கற்பிப்போர் வற்புறுத்துவர். கார் சுழலத் தொடங்கி, இனி மீட்க இயலாது என்று கண்டால், பிறேக்கையும் கிளச்சையும் ஒருங்கே முழுதும் மிதிக்க வேண்டும் என்பது அவர்தம் விதி. சில்லுகள் இறுகிய கார், தலை எப்பக்கம் சுழன்றாலும், பெரும்பாலும் ஒரே நேர்வழியில் வழுக்கிச் செல்லும். பின்வருவோர் அவ்வழியை ஊகித்து விலகிக்கொள்வர். இடையிலே மிதியை விட்டால், சில்லு திடீரெனப் பிடித்துக் காரை எதிர்பாராத பக்கம் எறிந்துவிடும். மோதல் தவிர்க்கலாகாது என்ற இறுதிக்கணத்தில் கைகளைச் சுக்கானிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொள்வதும் உண்டு. முன்சில்லு சுவரில் மோதுமாயின் சுக்கான் முறுக்கி மணிக்கட்டை ஒடித்துவிடும் என்பதே காரணம்.

இவை யாவும் அறிந்த தலைசிறந்த ஓட்டிகளும் இறந்திருக்கின்றனர். 1994 மே 1ஆம் நாள் இத்தாலி நாட்டு இமோலாவில், பிரேசில் நாட்டவரான ஐர்ட்டன் சென்னாவின் கார் வளைவில் திரும்பாமல் நேரே சென்றது. மணிக்கு ஏறத்தாழ 310 கிலோமீற்றராக இருந்த வேகத்தை இரண்டு செக்கனுக்குள் அவர் 210க்கும் 220க்கும் இடையிலே கொண்டுவந்தார் என்பதைக் காரின் பதிவுக்கருவி காட்டிற்று. ஓட்டத்தின் ஆற்றலிற் பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. எஞ்சியதே உயிரைக் கொண்டுபோயிற்று. நம் தமிழரிடையிலும் சான்றுண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் போர்முலா–1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்ற பெயர் பெற்றார். அவ்வாண்டே சீனப் பந்தயத்தில் அவர் கார் மோதிச் சிதைந்தது, அவர் பிழைத்தார். சென்னைக்கு அணித்தான இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக்களத்தில், 2023 சனவரி 8ஆம் நாள், நெடுநாள் அனுபவம் வாய்ந்த கே. ஈ. குமார், மற்றொரு காருடன் உராய்ந்து பாதை விலகி வேலியில் மோதிக் கவிழ்ந்து உயிர் துறந்தார். ஒருவர் பிழைக்கிறார், மற்றவர் இறக்கிறார். இருவர்க்கும் பிறேக் இருந்தது.

நடிகர் அஜித்குமார் 2025 சனவரியில் துபாய்ப் பந்தயத்துக்கான பயிற்சியில் காரைத் தடுப்பில் மோதிச் சுழன்று நின்ற காட்சியை என் மாணவர் அனைவரும் கைத்தொலைபேசியிற் பார்த்திருந்தனர். அவர் காயமின்றி இறங்கி வந்தார். அதனை அவர்கள் வீரமாகப் பேசிக்கொண்டனர். நான் அவர்களுக்குச் சொன்னது இதுதான்: அவரைக் காத்தவை ஓட்டியைச் சுற்றிய இரும்புக் கூடு, உடலைக் கட்டிய வார்கள், தலைக்கவசம், மோதலைத் தாங்க அமைத்த தடுப்பு ஆகியன. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் மோதிய இடத்தில் மனிதர் எவரும் நின்றிலர். ஏ–9 வீதியில் உங்கள் மோட்டார்ச் சைக்கிளுக்கு இவற்றுள் எது உண்டு? அங்கே ஓரத்தில் நிற்பது ரயரை அடுக்கிய தடுப்பா, பாலெடுத்துப் போகும் முதியவரா?

இப்போது அம்மாணவனின் கேள்விக்கு விடை கூறலாம். தியத்தலாவையில் அந்த ஓட்டி அந்நொடியிற் பிறேக் பிடித்தாரா என்பதை நான் ஆராயப் புகவில்லை. அது நீதிமன்றம் அறிய வேண்டியது. ஆனால், மண்பாதையில் வேகமாகச் செல்லும் கார் வழிதவறிய பின் பிடிக்கும் பிறேக், ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட ஒன்றின் கடைசிப் பகுதி மட்டுமே. சில மீற்றருக்கு அப்பால் மனிதர் நிற்பராயின் எந்தக் காலும் அவர்களைக் காக்கப் போதாது. அங்கே பிடித்திருக்க வேண்டிய பிறேக்குகள் வேறு. மஞ்சள் அடையாளம் கண்ட இடத்தில் ஒவ்வோர் ஓட்டியும் பிடிக்க வேண்டியது ஒன்று. பாதைக்கும் கூட்டத்துக்கும் இடையே வெளியும் அணையும் வகுத்து அமைப்போர் பிடிக்க வேண்டியது ஒன்று. முன்னே நின்று பார்க்கும் ஆசையைப் பார்வையாளர் தாமே அடக்க வேண்டியது ஒன்று. மூலைக்குப் பல முழம் முன்னரே குனியும் தேரடியான் செய்வதும் இதுவே.

பழந்தமிழர் வேகத்தை வெறுத்தவரல்லர். வினைமுடித்து மீளும் தலைவன் தேரை விரைந்து செலுத்தச் சொல்லும் பாட்டுகள் முல்லைத் திணையில் நிறைய உள. ஆயினும் அகநானூற்றின் நான்காம் பாட்டிலே, விரைந்து வரும் அத்தலைவனே, பூவிலே தேனுண்ணும் வண்டுகள் அஞ்சி நீங்காவண்ணம் தேர்மணியின் நாவைக் கட்டி வைக்கிறான். விரைவும் வேண்டும், வழியோரத்து உயிர்மேல் நினைவும் வேண்டும் என்று கருதிய புலவர் அவர்.

மனுநீதிச் சோழன் கதையை முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். அரசனின் நீதியை வியந்து சொல்லி முடிப்பதே என் வழக்கம். இம்முறை கதையின் வேறோர் இடத்தில் மனம் நின்றது. இளவரசன் கன்றைக் கண்டிலன், வேண்டுமென்று கொன்றிலன். அமைச்சரும் அதனையே எடுத்துச் சொல்லினர். அரசன் அதனை ஏற்கவில்லை. தேரில் ஏறியவன் தன் கண்ணுக்குப் படாத உயிருக்கும் பொறுப்புடையவன் என்பதே அவன் தீர்ப்பு. அக்கதையில் ஆரூர்ப் பெருமான் அருளாற் கன்றும் மைந்தனும் எழுந்தனர். தியத்தலாவையில் எவரும் எழுந்திலர். எட்டு வயதில் ஒரு பிள்ளை, எங்கள் ஊரில் என்றால், மூன்றாம் வகுப்பில் இருந்திருக்கும்.

மாலையிற் பாடசாலை விட்டதும் உருத்திரபுரம் வீதியெங்கும் பிள்ளைகள் சைக்கிளில் இருவர் மூவராகப் பேசிக்கொண்டு செல்வர். அவ்வீதியிலேயே நெல்லேற்றிய உழவியந்திரமும் வரும், மோட்டார்ச் சைக்கிளும் வரும். கேள்வி கேட்ட மாணவனுக்கு அண்ணனின் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டும் ஆசை உண்டு என்பதை அறிவேன். அவனைக் கராஜுக்கு அழைத்துச் சென்று என் பழைய மாணவனிடம் விட்டேன். இருவரும் பிறேக் தட்டைக் கையில் வைத்து நெடுநேரம் பேசினர். திரும்பும்போது அவன் ஒன்றும் பேசாமல் வந்தான். வீதி திரும்பும் இடம் வந்ததும், "ஐயா, இந்த முடக்குக்கு எவ்வளவு தூரத்தில பிடிக்கத் தொடங்க வேணும்?" என்று கேட்டான்.

இருவரும் இறங்கிச் சைக்கிளை ஓரத்தில் சாத்திவிட்டு, முடக்கிலிருந்து பின்னோக்கி அடி எண்ணி நடந்தோம்.